தோழி திரும்பிப் போன இடம்

அடுத்த அறையிலிருந்து அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது.

"பனி விழுந்தது, அவன் நின்றான். பனி உருகி ஆறு பெருகிற்று, அவன் நின்றான். வருவேன் என்றவள் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஆகையால் நின்றான்."

டக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் மௌனம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, "பனி விழுந்தது, அவன் நின்றான்..."

அடுக்களையில் கேரட் சீவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். இந்த ஒரு மணி நேரத்தில் இது நான்காவது முறை. தன் குரலே கத்தியாக மாறித் தன்னைக் கீறும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"ஏன்டி, போதும். அந்த மெஷின் தேஞ்சு போயிடப் போகுது."

"தேயட்டும். குரல் வீட்டுலதானே இருக்கு, புதுசா ஒண்ணு படிக்க வெச்சு வாங்கிக்கறேன்" என்று உள்ளேயிருந்து தங்கையின் பதில் வந்தது.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் நூலகம் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள் அவள். அவளை நேரில் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் வைத்த பெயர்தான் குரலக்கா. பள்ளியில் பேச்சுப்போட்டியில் வாங்கிய பரிசுகள், பிறகு பேருந்து நிலையத்தில் "இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று நாள் முழுக்கச் சொன்ன நான்கு வருடங்கள், அதன் பிறகு இந்தச் சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த அறை. அங்கே வளையல் போடக்கூடாது. மொடமொடக்கும் துணி உடுத்தக்கூடாது. பசியோடு போனால் வயிறு உறுமுவதும் பதிவாகிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரும் பதிவாளர் அவள் பலமாக மூச்சு விட்டாலே கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அதனால் அவருக்குப் பெயர் மூச்சுக்காரர்.

இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள். சமையல், சட்டம், துப்பறியும் கதை, உடம்பு பிடித்துவிடும் பயிற்சி நூல். எதைப் படித்தாலும் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவாள். இந்தக் காவியம் மட்டும் வீடு வரை கூடவே வந்துவிட்டது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால், எங்கோ ஒரு குளிர்நாட்டில், பெயர் தெரியாத ஒருவர் பாடிய குதிரைவீரர் கதை. தமிழில் நானூறு பக்கம். ஒரு சீமாட்டி தன் வீரனிடம், "நான் திரும்பி வரும் வரை இந்தப் பாலத்தைக் காத்து நில். யாரையும் கடக்க விடாதே" என்கிறாள். அவனும் வாக்குக் கொடுக்கிறான். பதினொரு வருடம் நிற்கிறான். கடைசியில் பாலத்தைக் கடக்க வருபவள் அதே சீமாட்டி, கணவனும் பிள்ளைகளும் சூழ. அடையாளம் தெரியாமல் அவளையே மறித்து, தெரிந்ததும் ஈட்டியைத் தாழ்த்தி வழிவிட்டு, அந்த ஆற்றிலேயே இறங்கிப் போய்விடுகிறான். இவனல்லவோ உத்தமன் என்று முடிக்கிறார் புலவர்.

பதிவு நடந்தபோது மூச்சுக்காரருக்கே பொறுக்கவில்லை. "பதினொரு வருஷம் லீவே போடலையா அவன்?" என்றார். வீட்டில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நடுவுல ஒரு ஆள் மாட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல நான் போய் நிக்கணும். இல்லைன்னா புகார். இவனைத் தேடி ஒருத்தரும் வரலியா?"

தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். முப்பத்தெட்டு வயது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் பல் வடித்து வடித்து அவள் விரல்நுனிகள் பளபளவென்று இருக்கும். அக்காவின் கணவர் அவளைப் பல்லழகி என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை அரைநாள் என்பதால் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள்.

"திங்கட்கிழமை முதலாளிக்குப் பதில் சொல்லணுமே. யோசிச்சியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு அக்கா? வரலைன்னு சொல்லிடுவேன்."

வேறு ஊரில் புதுக் கிளை. ஆறு பேருக்குத் தலைமை. தங்க அறையும் தருவதாக முதலாளி வலிய வந்து கேட்டிருந்தார். பதினான்கு வருடம் குனிந்து வேலை செய்த கைக்குக் கிடைத்த மரியாதை அது.

"நல்லா யோசி. இது மறுபடி வராது."

"அவர் வந்து இந்தக் கதவைத் தட்டும்போது நான் வேற ஊர்ல எவனோ ஒருத்தனுக்குக் கடைவாய்ப் பல்லு வடிச்சுக்கிட்டு இருக்கவா? நல்லாச் சொன்னே போ." ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "வரமாட்டேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா? அந்த அளவுக்கு மோசமான ஆளு இல்லைக்கா அவர். நான் கட்டினவரை எனக்குத் தெரியாதா?"

குரலக்கா கேரட்டை மறுபடி சீவத் தொடங்கினாள்.

அவர் சொல்லியிருந்தார். அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

கப்பலில் சமையல் வேலைக்கு என்று தங்கையின் கணவர் போய் ஏழு வருடம் ஆகிறது. இரண்டே வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். முதல் மூன்று வருடம் பேச்சும் கடிதமும் இருந்தன. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், நூலகத்துத் தொலைபேசிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணி, எனக்கு இங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சு. பொண்ணு பொறந்திருக்கு. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. காத்திருக்க வேணாம்னு சொல்லுங்க. அவ குரலைக் கேட்டுக்கிட்டு என்னால சொல்ல முடியாது."

அவள் திட்டினாள், அழுதாள், சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது தங்கை மேசை மேல் ஒரு புதுச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. "அவருக்கு எடுத்தேன். கலர் நல்லா இருக்காக்கா?" என்று நிமிர்ந்தாள். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எந்த அக்காவுக்குக் கை வரும்?

"நல்லா இருக்கு" என்றாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் தங்கைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் கூடத்தில் அவளுக்குப் பாராட்டு. சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதை இன்னும் கனமாக்கியது. இப்போது தூக்க முடியாத கனம். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காவியத்தின் ஐந்தாம் படலம் அவள் கைக்கு வந்தது. சீமாட்டியின் தோழி வரும் இடம். நாற்பது வரிகள். பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சுக்காரர் கையை உயர்த்திக் காத்திருக்க, அவளால் வாய் திறக்க முடியவில்லை. தாளைப் புரட்டினாள். நாற்பது வரி தாண்டி வாசித்தாள்.

நூலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் வேறொரு பிரதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார். கேட்பவர்கள் கண்ணால் சரிபார்க்க முடியாதவர்கள். அவர்களுக்கு ஒரு சொல் குறைந்தாலும் துரோகம் என்பது அங்கே எழுதாத சட்டம். அன்று ஒப்பிடுபவர் பல் பிடுங்கப் போயிருந்தார். 'ஒப்பிட்டாயிற்று' என்று பதிவுத்தாளில் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வருடத்தில் முதல் பொய்.

பதிவு வெளியே போய் மூன்று வாரம். வெள்ளிக்கிழமைகளில் நேயர்கள் விட்டிருக்கும் குரல்செய்திகளைப் போட்டுக் கேட்பது வழக்கம். நேற்று கேட்டதெல்லாம் சீமாட்டிக்கு விழுந்த வசவு.

"ஒரு ஆளை நிக்க வெச்சுட்டு மறந்துட்டா பாருங்க, அவளுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"வேணாம்னா ஒரு சொல் அனுப்பினா என்னவாம்? ஊர்ல குதிரையா இல்லை?"

ஒரு கல்லூரி மாணவியின் குரல் மட்டும் வேறு விதம். "நிக்கச் சொன்னா நின்னுடறதா? இது காதல் இல்லீங்க, வியாதி."

சீமாட்டி சொல் அனுப்பியிருந்தாள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. குரலக்கா விழுங்கிய நாற்பது வரி, ஒரு குற்றமற்றவளின் தலையில் பழியாய் இறங்கியிருந்தது.

கடைசிச் செய்தி, நகரத்தின் பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகம் பார்க்கும் நேயருடையது. நூலகத்தில் எல்லோரும் அவரை எக்சேஞ்ச் சார் என்பார்கள். "குரலக்காவை நேர்ல பாக்கணும். புகார் இல்லை. ஒரு சந்தேகம். நாளைக்கு வீட்டுக்கே வரேன்" என்றிருந்தார். வீட்டு முகவரியைச் சொல்லி வரச் சொன்னபோது, தங்கைக்கு அரைநாள் என்பது அவளுக்கு மறந்தே போனது.

அழைப்புமணி அடித்தது.

கையில் கோலும், தோளில் தலையணை அளவு பையுமாக நின்றார் அவர். ஐம்பது வயதிருக்கும். மீசையை அளந்து வெட்டியிருந்தார்.

"பதினாலு படி. பதினஞ்சாவது ஒண்ணு இருக்கும்னு காலைத் தூக்கி ஏமாந்துட்டேன்" என்றார். "வணக்கம்" என்று அவள் சொன்னதும் முகத்தைச் சற்றுக் கீழே திருப்பினார். "அடடே! குரலைக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனைச்சேன். சத்தம் என் மார்பு உயரத்துல இருந்து வருது."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். "உள்ள வாங்க சார். இடது பக்கம் நாற்காலி. நான் தங்கச்சி. டீ போடட்டுமா?"

"சர்க்கரை தூக்கலா போடுங்கம்மா."

"பல்லு போச்சுன்னா என்கிட்டதான் வரணும், பரவாயில்லையா?"

டீ வந்தது. அவர் பையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார். பிரெய்ல் பதிப்பு. தடித்த வெள்ளைத் தாள்களில் புள்ளிகள் மட்டும்.

"அந்த வீரன் கதைதானே சார்? நான் தினமும் கேக்கறேன்" என்று தங்கை எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவனைக் கண்டாலே ஆகாதும்மா. இருபத்தாறு வருஷமா எக்சேஞ்ச்ல இருக்கேன். 'லைன்லயே இருங்க'ன்னு சொல்லிட்டு மறந்துட்டா ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் இருப்பான்? அதிகபட்சம் ஆறு நிமிஷம். அப்புறம் என்னைத் திட்டிட்டு வெச்சிடுவான். அவன்தான் ஆரோக்கியமான ஆளு."

"காத்திருக்கறது அவ்வளவு கேவலமா சார்?" தங்கையின் குரலில் சிரிப்பு வடிந்திருந்தது. "வேணாம்னு அவ சொல்லவே இல்லையே. சொல்லாதவரைக்கும் அவன் நின்னதுதான் நியாயம்."

"சொல்லி அனுப்பினாளே!" என்றார் அவர். "அதுக்குத்தான் வந்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். விரல் புத்தகத்துல இருக்கும், காது அக்கா குரல்ல இருக்கும். ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சேந்து நடக்கும். அஞ்சாம் படலத்துல காது திடீர்னு முன்னால போயிடுச்சு. விரல் மட்டும் தனியா நின்னுடுச்சு."

குரலக்கா எழுந்தாள். "சார், அதை நூலகத்துல வெச்சுப் பேசலாமே..."

"என்ன விட்டுப் போச்சு? படிங்க சார்" என்றாள் தங்கை.

அவர் விரல்கள் புள்ளிகளின் மேல் ஓடின. மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"விடியுமுன் தோழி பாலம் வந்தாள். சீமாட்டியின் சொல் அவள் நாவில் இருந்தது. எனக்கு மணநாள் குறித்தாயிற்று. உன் வாக்கிலிருந்து உன்னை விடுவித்தேன். வீடு போ என்ற சொல். வீரனோ கவசத்தைத் துலக்கிக்கொண்டிருந்தான். 'என் தலைவி நலமா? அவள் வரும் நாளுக்கு இது போதிய அளவு ஒளிர்கிறதா?' என்றான். தோழி அவன் முகத்தைக் கண்டாள். நாவிலிருந்த சொல்லை விழுங்கினாள். 'ஒளிர்கிறது' என்றாள். குதிரையைத் திருப்பினாள். இரக்கம் மிக்கவள் அவள். இறைவன் அவளுக்கு அருள்க."

கீழே தெருவில் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் மணிச்சத்தம் கேட்டு அடங்கியது.

"இரக்கமா?" என்றாள் தங்கை. முதலில் சிரிப்பு மாதிரிதான் வந்தது. பிறகு முகம் சிவக்க எழுந்து நின்றுவிட்டாள். "இவ யாரு சார் அவனுக்காக இரக்கப்பட? சொல்லியிருந்தா அழுதிருப்பான். ரெண்டு மாசம் குப்புறப் படுத்திருப்பான். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கிட்டு ஒரு வேலையைப் பாத்திருப்பான். இவ அவனோட பதினொரு வருஷத்தையும் தின்னுட்டுப் போயிட்டா. அவளுக்கு ஆசீர்வாதம் வேறயா? எழுதினவனைச் சொல்லணும்!"

"அப்படிப் போடுங்க" என்று அவர் தொடையில் தட்டினார். "நானும் அதைத்தான் சொல்றேன்."

"ஏன்க்கா, இவ்வளவு முக்கியமான இடத்தை நீ எப்படி விட்டே?"

"ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சுடி." குரலக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாய்க் கேட்டது. "கவனிக்கல."

எக்சேஞ்ச் சார் தலையை ஆட்டினார். அவர் கெட்டவர் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல் தவிர வேறொன்றும் அந்த மனத்தில் இல்லை. "தாள் ஒட்டியிருந்தா வாக்கியம் பாதியில அறுந்திருக்கணுமே அக்கா. தோழி வர்ற வரிக்கு முந்தின வரியோட நிக்குது. அவ போன வரிக்கு அடுத்த வரியில தொடங்குது. கத்தரிக்கோல் வெச்ச மாதிரி இருக்கு. அதான் என் சந்தேகம். அவளை மட்டும் ஏன் தூக்கிட்டீங்க?"

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். வெறுமனேதான் பார்த்தாள். ஆனால் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அக்காவின் கை நாற்காலிச் சட்டத்தைப் பற்றியிருந்த விதமும், உதடு துடித்த விதமும் அவளை விடவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்த முகத்தைப் படித்தவள் அவள். புள்ளி புள்ளியாக இன்று புரிந்தது.

"அக்கா?"

இன்னும் ஒரு பொய் மட்டும் போதும். ஒரே ஒரு பொய். திங்கட்கிழமை அவள் முதலாளியிடம் வரமாட்டேன் என்பாள். இதே அறையில், இதே கதவைப் பார்த்தபடி, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று வயது போகும். குரலக்கா வாயைத் திறந்தாள்.

"அவர் போன் பண்ணினார்."

"யாரு?"

"உன் வீட்டுக்காரர். நாலு வருஷம் முன்னாடி. நூலகத்துக்கு. அங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சாம். ஒரு பொண்ணு பொறந்திருக்காம். காத்திருக்க வேணாம்னு உன்கிட்ட சொல்லச் சொன்னார்." அக்கா ஓரடி முன்னே வந்தாள். "நான் சொல்ல வந்தேன்டி. சத்தியமா சொல்லத்தான் வந்தேன். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தே."

எக்சேஞ்ச் சாரின் விரல்கள் புத்தகத்தின் மேலேயே உறைந்துவிட்டன.

"அந்த நீலச் சட்டையா?" என்றாள் தங்கை.

"ஆமா."

"கலர் நல்லா இருக்குன்னு சொன்னே."

அடக்கி வைத்திருந்த நான்கு வருட அழுகையும் ஒரே சமயத்தில் வர, அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தங்கை ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அடிப்பாள், கத்துவாள் என்று எதையோ எதிர்பார்த்தாள். தங்கையோ நின்றபடியே பின்னால் கையால் துழாவி, நாற்காலி கிடைத்ததும் மெல்ல உட்கார்ந்தாள்.

"விஷயம் தெரிஞ்சதும் அவன் ஆத்துல போய் விழுந்தான்னு எழுதியிருக்கே சார், அது பொய்" என்றாள். "பதினொரு வருஷம் நின்னவன் முதல்ல உக்காரத்தான் இடம் தேடுவான்."

"அம்மா..." அவர் புத்தகத்தை அவசரமாக மூடினார். "நான் கேட்டிருக்கக்கூடாத பேச்சு இது. காதுல விழுந்த எத்தனையோ லைனை அப்படியே விட்டுட்டு விலகியிருக்கேன். இன்னைக்குத் தெரியாம நடுவுல வந்து உக்காந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க என்ன சார் பண்ணினீங்க? புத்தகத்துல இருந்ததைப் படிச்சீங்க."

அவள் எழுந்து அவருடைய பையைத் தோளில் மாட்டிவிட்டாள். கோலை எடுத்துக் கையில் கொடுத்தாள். முழங்கையைப் பிடித்து வாசல் வரை அழைத்துப் போனாள். எல்லாவற்றையும் வழக்கமான நிதானத்தோடு செய்தாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கா அந்த நிதானத்துக்குத்தான் பயந்தாள்.

வாசலில் நின்று தங்கை கேட்டாள். "சார், ஒரு முதலாளி. திங்கட்கிழமை பதில் சொல்லுன்னு சொல்லியிருக்கார். சனிக்கிழமை சாயங்காலமே வீட்டுக்குப் போன் பண்ணி, வரேன்னு சொன்னா தப்பா எடுத்துப்பாரா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பின்னால் அறைக்குள் கேட்ட விசும்பலையும் அவர் காது விடவில்லை. இந்தப் பதிலால் அந்த விசும்பல் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"எடுத்துக்க மாட்டார்மா. இப்பவே பண்ணுங்க."

"பாத்துப் போங்க. முதல் படி கொஞ்சம் உயரம்."

கோலின் தட்டல் ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே தெருக்கதவு திறந்து மூடும் சத்தம் வந்தது. அதுவரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டாள். திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை.